ஒரு மலையில் இரண்டு பணியிடங்கள்

(‘பணியிடத்தில் சொல்லும் ஒத்துழைப்பும்’ என்னும் பொருளில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இவ்வவையில் அமர்ந்திருக்கும் குடும்பங்களில் பணிக்குச் செல்வோர் இல்லாத குடும்பம் அரிது. பள்ளி, வங்கி, மருத்துவமனை, அரிசி ஆலை, கணினி நிறுவனம், அரசு அலுவலகம், சொந்தக் கடை என்று இடங்கள் வேறுபடலாம். மாலையில் வீடு திரும்பும்போது அவர்கள் சுமந்து வரும் குறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. “என்னிடம் யாரும் சொல்லவில்லை” என்பார் ஒருவர். “சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை” என்பார் மற்றொருவர். வேலையின் பளுவை ஒருநாள் உறக்கம் தீர்த்துவிடும். இக்குறையோ உறக்கத்தையே கெடுத்துவிடும்.

பலர் கூடிச் செய்யும் பணி எதுவாயினும் அதன் உயிர்நிலை ஒன்றுதான். ஒருவர் அறிந்த செய்தி, அதனை அறிய வேண்டிய மற்றொருவரை, உரிய காலத்தில், உள்ளது உள்ளபடி சென்று சேர வேண்டும். சேர்ந்தால் சிறு குழுவும் பெருஞ்செயல் புரியும். சேராவிட்டால் பெரிய நிறுவனமும் வீழும். அதனினும் கொடிது, அதனை நம்பி உழைத்தவர் வாழ்வும் வாடும். இதனை விளக்கச் சான்று தேடி அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. நம் பழனி மலைத்தொடரே போதும்.

கல்லில் எழுதிய கணக்கு

கோடைக்கானலுக்கு ஏறுமுன் மலையடிவாரத்தில் சற்றே நிற்கலாம். பழனிக்கு மேற்கே உள்ள ஐவர்மலையைத் தமிழ்ச் சமணர் அறிவர். பழைய பெயர் அயிரை மலை. இயற்கையான பாறைக் குடைவின் மேற்புறத்தில் வரிசையாகச் செதுக்கப்பெற்ற பதினாறு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அங்கே உள்ளன. அவற்றோடு வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. அவற்றுள் ஒன்று வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல் பொறிக்கப்பெற்றது.

குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய சாந்திவீரக் குரவர், திருவயிரையில் இருந்த பார்சுவப் பெருமானின் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுப்பித்தார். வழிபாடு இடையறாது நடக்கவும், துறவி ஒருவர்க்கு உணவளிக்கவும் 505 காணம் பொன் அமைத்தார். இதுவே அக்கல்வெட்டுத் தரும் செய்தி. மிகச் சில வரிகளே. ஆயினும் செய்தவர் யார், அவர் எவர்க்கு மாணாக்கர், எப்பொழுது செய்தார், எதனைச் செய்தார், எவ்வளவு பொன், எதன்பொருட்டு என்ற ஆறு வினாக்களுக்கும் அதில் விடை உண்டு. “எல்லார்க்கும் தெரிந்ததுதானே” என்று எதனையும் அவர் விட்டுவிடவில்லை.

அந்நாளில் அம்மலையில் இருந்த எல்லார்க்கும் அது தெரிந்துதான் இருக்கும். ஆனால் அவர் எழுதியது அவர்களுக்காக மட்டும் அன்று. பின்னர்ப் பொறுப்பேற்பவர்க்காகவும் எழுதினார். சக ஆண்டும் ஆட்சியாண்டும் சேர்ந்தே குறிக்கப்பெற்றமையால் வரகுணன் அரியணை ஏறிய ஆண்டு 862 என்று வரலாற்றறிஞர் கணித்தனர். எழுதியவர் எண்ணியிராத ஒரு பயன், ஆயிரம் ஆண்டு கடந்து எண்ணியிராத ஒருவர்க்குக் கிட்டியது. பொறுப்பைக் கைமாற்றுவோர் எவ்வாறு எழுத வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல பாடம் தேவையில்லை.

பஞ்சம் எழுப்பிய ஆய்வகம்

இனி மலையேறலாம். கோடைக்கானல் என்றவுடன் ஏரியும், குளிரும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும் நினைவுக்கு வரும். ஏரிக்கு மேற்புறத்தில், கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில், நூற்றாண்டு கடந்த ஒரு பணியிடம் உள்ளது. அதுதான் சூரிய ஆய்வகம்.

அதன் தோற்றத்திற்கு ஒரு துயரம் பின்னணி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். மழை பொய்த்ததன் காரணத்தை அறிய வேண்டும் என்ற எண்ணம் ஆட்சியாளர்க்கு எழுந்தது. சூரியனில் நிகழும் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராயச் சூரியனை இடையறாது நோக்க வேண்டியிருந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் வானாய்வகம் ஒன்று இருந்தது. சமவெளியின் புழுதியும் வெப்பமும் இப்பணிக்கு ஒவ்வாதன. மைக்கி சுமித் என்னும் அறிஞர் நீலகிரியிலும் பழனி மலையிலும் வானிலையை ஆராய்ந்து பார்த்தார். கோடைக்கானல் தேர்ந்தெடுக்கப்பெற்றது. 1895இல் அடிக்கல் நாட்டப்பெற்றது; 1899இல் பணி இங்கு மாற்றப்பெற்றது. மைக்கி சுமித்தே முதல் இயக்குநரானார்.

மோட்டார் சாலை வருவதற்கு முற்பட்ட காலம் அது. மலைக்கு வேண்டிய பொருள்கள் சுமையாட்களின் தலையிலும் தோளிலும் ஏறின. அவர்களின் பெயர்களை எந்த அறிவியல் ஏடும் எழுதி வைக்கவில்லை. கூட்டுப்பணியைப் பற்றிப் பேசும்போது முதலில் நினைக்க வேண்டியவர்கள் அவர்களே.

ஒரே தாளில் ஒன்றுகூடியவை

அங்கே நடைபெறும் பணி சொல்வதற்கு எளியது. சூரியன் தெரியும் ஒவ்வொரு நாளும் அதனைப் படமெடுக்க வேண்டும். 1904 முதல் வெள்ளொளியில் சூரியனின் படங்கள் எடுக்கப்பெற்று வருகின்றன. கால்சியம் உமிழும் ஒளியில் மட்டும் எடுக்கும் படங்கள் அக்காலத்தை ஒட்டித் தொடங்கின. ஐதரசன் ஒளியில் எடுக்கும் படங்கள் 1912இல் தொடங்கின. ஒவ்வோர் ஒளியிலும் சூரியனின் ஒவ்வொரு முகம் புலப்படும்.

செய்வதற்கோ அது எளிதன்று. மலையில் காலைப் பொழுதில்தான் காற்று அமைதியாக இருக்கும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகிப் படம் அலைபாயும். ஆகவே காலைப் பொழுதை இழந்தால் அந்நாளையே இழந்ததற்கு ஒப்பு. இருட்டறையில் கண்ணாடித் தகட்டை ஏற்றிவைக்க வேண்டும். கண்ணாடிகளைத் திருப்பிச் சூரிய ஒளியைக் கருவிக்குள் செலுத்த வேண்டும். படமெடுத்த நொடியைக் குறிக்க வேண்டும். தகட்டைக் கழுவி உலர்த்தி, நாளும் நேரமும் எழுதி, அடுக்கி வைக்க வேண்டும். இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் ஏனைய எல்லாம் வீண். கருவி எவ்வளவு நுண்ணியதாயினும் தகட்டின் மேல் நேரம் எழுத மறந்தால் அது வெறும் கண்ணாடி.

இவ்வாய்வகத்தின் ஒரு வழக்கம் எல்லாப் பணியிடங்களுக்கும் பயன்படத்தக்கது. வெவ்வேறு ஒளியில், வெவ்வேறு கருவியில் கண்டவற்றை ஒரே தாளில் வரைந்து சேர்த்தனர். சூரிய வட்டம் அச்சிட்ட தாளில், அதன் மேல் கோடுகள் கட்டமிட்டிருக்க, கரும்புள்ளிகளையும், ஒளிர்திட்டுகளையும், இழைகளையும், விளிம்பில் எழும் தீப்பிழம்புகளையும் வேறுவேறு வண்ணத்தில் கையால் வரைந்தனர். ஒரு நாளுக்கு ஒரு தாள். இவ்வாறு நூறாண்டுக்கும் மேலான தாள்கள் சேர்ந்தன.

இத்தாளின் பயனை எண்ணிப் பார்க்க வேண்டும். வெள்ளொளியில் பார்த்தவர் கரும்புள்ளியைக் கண்டார். கால்சிய ஒளியில் பார்த்தவர் அதனைச் சூழ்ந்த வெண்மையைக் கண்டார். ஐதரசன் ஒளியில் பார்த்தவர் அதன் அருகே நீண்ட இழையைக் கண்டார். மூவரும் கண்டது உண்மை. எனினும் மூன்றும் ஒரே இடத்தில் நிகழ்ந்தவை என்பது தாளில் சேர்த்த பின்னரே விளங்கும். ஒரு பொருளுக்குப் பல தன்மைகள் உண்டு. ஒருவர் பார்வைக்கு ஒன்றே படும் என்னும் அநேகாந்தக் கருத்தை இவ்வவைக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதனை நாள்தோறும் ஒரு தாளில் செயற்படுத்திக் காட்டியது இவ்வாய்வகம். விற்பனைப் பிரிவும், கணக்குப் பிரிவும், கிடங்கும் தத்தம் ஏட்டைத் தத்தம் மேசையில் மூடி வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் குறைகூறும் நிறுவனங்களுக்கு வேண்டியது இத்தகைய ஒரு தாளே.

காணாததையும் எழுதிய நேர்மை

மலையில் மேகம் மிகுதி. பருவமழைக் காலத்தில் நாள்கணக்காகச் சூரியன் தெரியாது. தெரியாத நாளை என்ன செய்வது? ஆய்வகத்தின் அறிக்கைகள் இதனை மறைக்கவில்லை. அரையாண்டுக்கு ஒருமுறை தீப்பிழம்புகளைத் தொகுத்து வெளியிடும்போது, எத்தனை நாள் படமெடுக்க இயன்றது, அவற்றுள் எவை குறையுடையவை என்று கணக்கிட்டு, குறைபட்ட நாள்களை முழு நாளாகக் கொள்ளாமல் அதற்கேற்பக் குறைத்து, ‘பயனுள்ள நாள்கள்’ இத்தனை என்று குறித்தனர். மேகத்தால் தீப்பிழம்பு தெரியாமற் போனதற்கும், சூரியனில் தீப்பிழம்பே எழாமற் போனதற்கும் வேறுபாடு உண்டு. முன்னதைப் பின்னதாக எழுதினால் ஆராய்ச்சி முழுதும் பொய்யாகிவிடும்.

பணியிடங்களில் நிகழும் பெரும்பிழை இங்கேதான் தொடங்குகிறது. “பார்த்தேன், குறை ஒன்றும் இல்லை” என்பதும், “பார்க்க இயலவில்லை” என்பதும் ஒன்றாகா. மேலதிகாரியின் முகம் சுளிக்கும் என்று அஞ்சிப் பின்னதை முன்னதாகச் சொல்லுமிடத்தில் எந்த அறிக்கையும் நம்பத்தக்கதன்று.

மேகம் மறைத்த நாள்களின் இடைவெளியை நிரப்ப அவர்கள் செய்தது மற்றொரு பாடம். பிரான்சு நாட்டின் மெதோன், அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆகிய ஆய்வகங்களோடு படங்களைப் பரிமாறிக்கொண்டனர். கோடைக்கானலில் மேகம் சூழ்ந்த நாளில் அங்கே வானம் தெளிந்திருக்கலாம். தம்மிடம் இல்லாததை இல்லை என்று ஒப்புக்கொண்டவரால்தான் பிறரிடம் கேட்கவும் இயலும்.

1907இல் இங்குப் பணியேற்ற ஜான் எவர்செட் என்பாரின் வரலாறும் இவ்விடத்தில் கருதத்தக்கது. அதற்கு அடுத்த ஆண்டு மவுண்ட் வில்சனில் ஹேல் என்னும் அறிஞர், சூரியக் கரும்புள்ளிகளில் சுழற்சி இருக்கலாம் என்று கருத்துரைத்தார். அச்சுழற்சியைத் தேடியே எவர்செட் கரும்புள்ளிகளின் ஒளியைப் பகுத்து நோக்கினார். 1909 சனவரியில் அவர் கண்டது வேறொன்று. வாயுக்கள் சுழலாமல், புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்ந்தன. எதிர்பார்த்ததைக் கண்டதாக எழுதாமல், கண்டதை எழுதினார். இன்று உலகமெங்கும் அது ‘எவர்செட் விளைவு’ எனப்படுகிறது. எதிர்பார்ப்புக்கு மாறான செய்தியைக் கொண்டுவருபவரைப் பணியிடம் எவ்வாறு நடத்துகிறது என்பதில் அதன் எதிர்காலம் அடங்கியுள்ளது.

எவர்செட்டின் துணைவியார் மேரி அம்மையாரும் வானியல் கற்றவர். ஆய்வகத்தில் பதவி ஏதும் வகிக்காத அவர், பல ஆண்டுத் தகடுகளைக் கணவரோடு சேர்ந்து ஆராய்ந்தார். 1917இல் தீப்பிழம்புகளைப் பற்றிய பெருந்தொகுப்பு ஆய்வகத்தின் வெளியீடாக வந்தபோது இருவர் பெயரும் அதில் இடம்பெற்றன. உழைத்தவர் பெயரை உழைப்பின்மேல் எழுதுவதும் நல்ல தகவல் தொடர்பின் ஒரு கூறே. பிறர் உழைப்பைத் தம் பெயரில் சமர்ப்பிக்கும் மேலாளர் ஒருவர் இருந்தால், அக்குழுவில் யாரும் தாம் அறிந்ததை அடுத்தவர்க்குச் சொல்ல மாட்டார்.

மைக்கி சுமித்துக்குப் பின் எவர்செட், அவர்க்குப் பின் ராய்ட்ஸ், 1937இல் முதல் இந்திய இயக்குநராக ஏ. எல். நாராயண், 1960இல் வேணு பாப்பு என்று தலைமை மாறிவந்தது. ஆட்சி மாறியது; நாடு விடுதலை பெற்றது; 1971இல் ஆய்வகம் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் வந்தது. காலையில் கதவைத் திறந்து படமெடுக்கும் வழக்கம் மாறவில்லை. அண்மைக் காலத்தில் அத்தகடுகள் கணினிப் படங்களாக மாற்றப்பெற்றுள்ளன. நூறாண்டுச் சூரியனை ஆராய விரும்பும் பன்னாட்டு அறிஞரும் இவற்றை நாடுகின்றனர்.

அவ்வாறு ஆராய்ந்தோர் குறைகளையும் கண்டனர். சில தகடுகளில் நேரம் பிழைபட எழுதப்பெற்றிருந்தது. சிலவற்றில் சூரியனின் வடக்கு எது என்பதில் ஐயம் எழுந்தது. குளிரில் விரல் விறைத்த ஒரு காலைப்பொழுதில் யாரோ ஒருவர் செய்த சிறு கவனக்குறைவு, நூறாண்டு கழித்து, அவர் முகமறியாத ஒருவரின் பல நாள் உழைப்பை விழுங்கியது. ஏட்டில் ஒரு வரி எழுதுகையில் படிக்கப்போகிறவர் முகத்தை மனத்தில் நிறுத்துவது நன்று.

சொல் சேராத இடம்

அதே மலையில் மற்றொரு பணியிடம் இருந்தது. அதனைச் சொல்லாமல் விட்டால் இவ்வுரை நேர்மையுடையதாகாது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரிலிருந்து 1980களின் தொடக்கத்தில் ஒரு வெப்பமானி ஆலை கோடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. பாண்ட்ஸ் நிறுவனம் தொடங்கிய அது பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசமாயிற்று. காய்ச்சலை அளக்கும் கண்ணாடி வெப்பமானிகளில் பாதரசம் நிரப்பும் பணி. மலைவாழ் இளைஞர் பலர் அங்கே வேலைக்குச் சேர்ந்தனர். நிலையான ஊதியம் தரும் ஆலை மலைமேல் வந்தது பல குடும்பங்களுக்கு நற்செய்தியாகவே இருந்தது.

பாதரசத்தின் இயல்பை இங்குக் கருத வேண்டும். அது வெள்ளி போல் ஒளிரும், உருண்டோடும், கைக்கு விளையாட்டுப் பொருள் போலத் தோன்றும். சாதாரண வெப்பத்திலேயே அது ஆவியாகும். அவ்வாவிக்கு நிறமில்லை; மணமில்லை. நெடுநாள் மூச்சில் கலந்தால் நரம்பையும் சிறுநீரகத்தையும் அது தாக்கக்கூடும். சூரியத் தகட்டில் பிழை நேர்ந்தால் கண்ணால் காணலாம். பாதரச ஆவியைத் தொழிலாளி தம் ஐம்புலன்களால் அறிய இயலாது. அவரைக் காப்பது ஒன்றே ஒன்று: அறிந்தவர் சொல்லும் சொல்.

2001 மார்ச்சில் கோடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் பழைய பொருள் வாங்கும் கடையில் பாதரசம் படிந்த உடைந்த வெப்பமானிக் கண்ணாடிகள் குவிந்து கிடந்தது வெளிப்பட்டது. ஊர் மக்களும் முன்னாள் தொழிலாளரும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் திரண்டனர். ஆலை நின்றது, மீண்டும் திறக்கப்பெறவில்லை. தன் நடைமுறை விதிகளுக்கு மாறாக அக்கழிவு விற்கப்பட்டதாக நிறுவனமே பின்னர்க் கூறியது. 2003இல் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பெற்றது.

தங்களுக்குப் பாதரசத்தின் தீமை உரியவாறு எடுத்துரைக்கப்படவில்லை, போதிய காப்பு அளிக்கப்படவில்லை, அதனால் உடல்நலம் கெட்டது என்பது முன்னாள் தொழிலாளர் கூற்று. ஆய்வுகளில் அத்தகைய பாதிப்புக் காணப்படவில்லை என்பது நிறுவனத்தின் மறுமொழி. தொழிலாளர் சங்கம் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர் 591 பேர்க்கும் நிறுவனத்திற்கும் உடன்பாடு ஏற்பட்டது. ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

வழக்கின் நீதியை எடைபோடுவது இவ்வுரையின் நோக்கம் அன்று. இரு தரப்பினரும் மறுக்காத செய்தியே போதும். விதி ஒன்று இருந்தது, நடந்தது வேறு. அலுவலகத்துக் கோப்பில் இருந்த விதிக்கும், கழிவு ஏற்றிய வண்டிக்கும் இடையே எங்கோ சொல் அறுந்துபோயிற்று. இவ்விடைவெளியில்தான் பணியிடத் துன்பங்களுள் பெரும்பகுதி பிறக்கிறது.

1984இல் போபாலில் நச்சுவாயு கசிந்த பின்னர், 1987இல் நம் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பெற்றது. இடர் மிகுந்த தொழிலை நடத்துவோர் அதன் தீமைகளைத் தொழிலாளர்க்கும் சுற்றுப்புற மக்களுக்கும் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் கூறியது. தொழிலாளர் பங்கேற்கும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது. உடனடி ஆபத்தைக் காணும் தொழிலாளி எச்சரிக்கும் உரிமையையும் தந்தது. ஆக, பணியிடத்தில் ஒருவர்க்கொருவர் சொல்வதும் கேட்பதும் வெறும் பண்பாடு மட்டும் அன்று. அது உயிர்க்காப்பு என்பதை நாடே பெருவிலை கொடுத்துக் கற்றது. தீங்கு வரும் என்று அறிந்தும் சொல்லாதிருப்பது, கையால் செய்யாத இம்சையே.

செய்யத்தக்கன ஐந்து

இவ்விரு பணியிடங்களிலிருந்தும் நம் அலுவலகத்திற்கும் கடைக்கும் பள்ளிக்கும் எடுத்துச் செல்லத்தக்கவை ஐந்து உண்டு.

முதலாவது, பொழுது. நாள்தோறும் பணி தொடங்குமுன் பத்து நிமிடம் எல்லாரும் நின்றபடியே பேசலாம். நேற்று முடிந்தது எது, இன்று செய்ய வேண்டுவது எது, தடை எது என்று ஒவ்வொருவரும் மூன்று வாக்கியம் சொன்னால் போதும். திங்களுக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் கூடுவதைவிட இது பெரும்பயன் தரும்.

இரண்டாவது, எழுத்து. பொறுப்பைக் கைமாற்றும்போது வாய்மொழி போதாது. மருத்துவமனையில் செவிலியர் பணி மாறும்போது நோயாளியின் நிலையை ஏட்டில் எழுதி ஒப்படைக்கின்றனர். விடுப்பில் செல்லும் ஆசிரியர், ஊர் செல்லும் கணக்கர், பணி ஓய்வு பெறும் மேலாளர் யாவர்க்கும் இது பொருந்தும். யார், எப்பொழுது, எதனை, எவ்வளவு, எதற்காக என்னும் ஐவர்மலைக் கல்வெட்டின் வினாக்களை அளவுகோலாகக் கொள்ளலாம்.

மூன்றாவது, திரும்பச் சொல்லுதல். இரயில் எஞ்சினில் ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் கைகாட்டியின் நிறத்தை ஒருவர்க்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்கின்றனர். இருவர்க்கும் கண் இருக்கிறது, ஆயினும் சொல்கின்றனர். சொல்லிவிட்டோம் என்பதனால் கேட்டவர் அவ்வாறே புரிந்துகொண்டார் என்பதில்லை. “நீங்கள் சொன்னதை இவ்வாறு புரிந்துகொண்டேன், சரிதானா?” என்று கேட்பது அறியாமையன்று, பொறுப்புணர்வு.

நான்காவது, இளையவர்க்கு முதலிடம். கூட்டத்தில் தலைவர் முதலில் கருத்துரைத்துவிட்டால் ஏனையோர் “ஆம் ஐயா” என்பதன்றி வேறு சொல்லார். ஆகவே பணியில் இளையவர் முதலில் பேசவேண்டும். தலைவர் இறுதியில் பேசவேண்டும். கருவியின் அருகே நிற்பவர்க்குத் தெரிவது, மேலறையில் இருப்பவர்க்குத் தெரியாது. உடைந்த கண்ணாடி எந்த வண்டியில் ஏறியது என்பதை அறிந்தவர் ஏற்றியவரே.

ஐந்தாவது, பிழையைச் சொல்வோர்க்கு அடைக்கலம். தம் பிழையைத் தாமே வந்து சொல்லும் ஊழியரைப் பலர்முன் கடிந்தால், அடுத்த பிழை ஒருபோதும் நம் காதுக்கு எட்டாது. பிழைக்கு நடவடிக்கை வேண்டும். சொன்னதற்குத் தண்டனை கூடாது. திருத்துவதைத் தனியே செய்து, பாராட்டுவதைப் பலர்முன் செய்தல் நன்று. ஐந்து சமிதிகளுள் பேச்சில் விழிப்பும் ஒன்றாக வைக்கப்பெற்றுள்ளதை இவ்வவை அறியும். துறவியர்க்குரிய அவ்விழிப்பில் ஒரு சிறு பங்கை இல்லறத்தார் அலுவலகத்திற்கு எடுத்துச் சென்றால் அங்கே பாதிப் பூசல் அடங்கும்.

இவை ஐந்துக்கும் பொருட்செலவு இல்லை. செலவாவது தன்முனைப்பு ஒன்றே. அதனாலேயே இவை கடினமாகின்றன.

அடுத்த முறை குடும்பத்தோடு கோடைக்கானல் செல்வோர் ஏரியைச் சுற்றியபின் ஆய்வகத்திற்கும் செல்லலாம். குழந்தைகளுக்குத் தொலைநோக்கியைக் காட்டுவதோடு, நாள் தவறாது சூரியனைப் படமெடுத்து, மேகம் மறைத்த நாளை மறைத்தது என்றே எழுதியவர்களின் கதையையும் சொல்லலாம். ஆலையில் உழைத்தவர்களின் கதையையும் மறவாது சொல்லவேண்டும். இரண்டையும் கேட்டு வளரும் பிள்ளை நாளை ஓர் அலுவலகத்தில் தலைமை ஏற்கும். அன்று, தன் கீழ்ப் பணிபுரியும் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, “ஐயா, ஒன்று சொல்லலாமா?” என்று கேட்கும்போது, கையிலுள்ள வேலையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்குமானால், அதுவே போதும்.